அரியாசனமும் சாக்கு மூட்டையும்

கோலார் தங்கவயலில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நாற்காலி என்பது வெறும் மரச்சாமான் அன்று. வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து பிழைப்பு நாடி இங்கு வந்த நம் முன்னோர், மூங்கில் தட்டி வீடுகளில் பாயும் கயிற்றுக் கட்டிலுமாகவே குடித்தனம் நடத்தினர். எம் பாட்டனார் தம் பணிக்காலம் முழுவதும் மேலதிகாரியின் நாற்காலிக்கு எதிரே நின்றே பேசியவர். பிற்காலத்தில் எமது வீட்டிற்கே ஒரு நாற்காலி வந்தது. அதில் அமர அவர் கூசினார். விருந்தினர்க்கென்று அது சுவரோரம் காத்திருந்தது. யார் அமரலாம், யார் நிற்க வேண்டும் என்பதை ஒரு மரப்பொருள் தீர்மானிக்க இயலும் என்பதை நாம் அப்பொழுதே அறிந்தோம்.

சென்ற ஆண்டு எம் தமையனாரின் மகள், தான் மரச்சாமான் வடிவமைப்பே பயில விரும்புவதாகக் கூறினாள். "தச்சு வேலைக்கு ஒரு படிப்பா?" என்று வீட்டில் பெரியோர் திகைத்தனர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபின், நம் பிள்ளைகள் விடியலில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். நிலையான சம்பளம் ஒன்றே பெற்றோர் கண்ணுக்குத் தெரிவதில் வியப்பில்லை. எனினும், மறுமொழி கூறுமுன் இத்துறையில் பெயர் பெற்ற ஒருவரின் வாழ்க்கையையேனும் ஆராய்வது நலம் என்று கருதினோம்.

அவ்வாறு நாம் அறிந்தவர் டில்லியிலுள்ள குஞ்சன் குப்தா அம்மையார். இலண்டன் மாநகரின் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் மேற்பட்டம் பெற்ற இவர், 2006ஆம் ஆண்டில் 'ராப்' என்னும் வடிவமைப்புக் கூடத்தை நிறுவினார். போர்த்துதல் என்பது அச்சொல்லின் பொருள். மரத்தின்மீது வெள்ளித் தகட்டைப் போர்த்தி அரியாசனம் செய்யும் பழங்கலையை அவர் புதிய இருக்கைகளுக்குக் கொணர்ந்தார். அத்துடன் நில்லாது, அவர் பார்வை தெருவிற்கும் சென்றது. சாக்கு மூட்டைகளை மலைபோல் ஏற்றிச் செல்லும் மிதிவண்டியைக் கண்டு, மிதிவண்டி உறுப்புகளும் சாக்கும் சேர்ந்த ஓர் அரியாசனத்தையே படைத்தார். அடுக்கிய மெத்தைகள் இருக்கையாயின. அடுக்கிய பானைகள் மேசைக்குத் தாங்கலாயின.

பார்ப்போர் முதலில் நகைப்பர். ஆனால், அந்த விளையாட்டினுள்ளே ஒரு வழக்காடல் உண்டு என்று நாம் கருதுகிறோம். தரையில் அமர்ந்து பழகிய நாட்டில் உயர்ந்த ஆசனம் அரசனுக்கு உரியதாயிருந்தது. மூட்டையோ கூலிக்காரனுக்கு உரியது. இரண்டையும் ஒரே இருக்கையில் பொருத்தும்போது, பெருமை எங்கே இருக்கிறது என்ற கேள்வி எழாமற் போகுமா?

இதில் ஒரு குறையும் உண்டு. இத்தகைய இருக்கைகள் பெரும்பாலும் செல்வர் இல்லங்களையும் காட்சிக்கூடங்களையுமே சேர்கின்றன. மூட்டை சுமந்தவன் அவற்றில் அமர்வதில்லை. இந்தத் தங்கவயலிலிருந்து ஏறத்தாழ 800 டன் பொன் வெளியே சென்றதாகக் கூறுவர். தோண்டியவர் வீட்டில் அது தங்கவில்லை. ஆகவே இக்குறையை நாம் எளிதில் உணர்கிறோம். ஆயினும் அதற்காக அக்கலையை வெறுப்பது முறையாகாது. மூட்டையின் பாரத்தை அறிந்த குடும்பத்துப் பிள்ளைகளும் அத்துறைக்குள் புகுவதே அதற்கு மருந்து.

அதற்கு வழியும் இருக்கிறது. 1958ஆம் ஆண்டில் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் அவர் மனைவி ரே ஈம்ஸும் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தனர். அதில் அவர்கள் வியந்து போற்றியது நம் அடுக்களைச் சொம்பை! அதன் பயனாய் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. மரச்சாமான் வடிவமைப்பு அங்கே ஒரு தனிப் பாடம்.

எம் வீட்டார் இறுதியில் இசைந்தனர், ஒரு நிபந்தனையுடன்: நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் நாட்களிலேயே ராபர்ட்சன்பேட்டைத் தச்சர் ஒருவரிடம் அவள் உளி பிடிக்கவும் கற்க வேண்டும். அவள் மகிழ்ந்து ஏற்றாள். அன்பர்களே, உங்கள் பிள்ளை பழைய சைக்கிள் சக்கரத்தையும் உடைந்த பெட்டியையும் வைத்து எதையேனும் கட்டிக்கொண்டிருந்தால், குப்பை என்று எறியுமுன், என்ன செய்கிறாய் என்று ஒருமுறை அன்புடன் கேளுங்கள்.