ஒரு செல்போன் நெட், இரண்டு கணினி

2021-ம் வருடத் தொடக்கம். கொரோனாவால் கல்லூரிகள் திறப்பதும் மூடுவதுமாக இருந்த நேரம். பாடம் பெரும்பாலும் ஆன்லைனில்தான். கல்லூரி மாணவர்களுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசம் என்று தமிழக அரசு அறிவித்திருந்தது. வகுப்பு கேட்க 2 ஜிபி போதும். ஆனால் அதே இலையில் இன்னொரு ஆளும் உட்கார்ந்து சாப்பிட்டால்?

மீன்சுருட்டியில் ஒரு மாணவனுக்கு அதுதான் நடந்தது. அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்து ஊர். வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது. இருந்தது ஒரு செல்போன், விண்டோஸ் போட்ட ஒரு லேப்டாப். பாடமோ லினக்ஸ். இருப்பதை அழித்துவிட்டு லினக்ஸ் நிறுவ அவனுக்குப் பயம். அதனால் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி, அதற்குள் ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கினான். அதாவது கணினிக்குள் இன்னொரு கணினி! அதற்கென்று தனி நினைவகம், தனி வன்தட்டு, தனி நெட்வொர்க் கார்டு எல்லாம் உண்டு. கையால் தொடத்தான் முடியாது.

உபுண்டு 20.04 தரவிறக்கக் கோப்பே 2.5 ஜிபிக்கு மேல். ஒரு நாள் டேட்டாவில் அடங்காது. இரண்டு இரவு மொட்டை மாடியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து இறக்கினான்.

அடுத்தது இணைப்பு. செல்போனை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து 'டெதரிங்' வசதியை இயக்கினால் லேப்டாப்புக்கு நெட் வந்துவிடும். மெய்நிகர் கணினிக்கு? விர்ச்சுவல்பாக்ஸின் நெட்வொர்க் அமைப்பில் இரண்டு முக்கிய வழிகள் உண்டு. 'பிரிட்ஜ்' என்றால் உள்ளே இருக்கும் கணினி நேராகச் செல்போனிடமே போய்த் தனி முகவரி கேட்கும். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இது பல சமயம் தகராறு செய்யும். 'நாட்' என்றால் அந்தத் தொல்லை இல்லை.

நாட் என்பது நம் ஊர் 'மே/பா' முகவரி மாதிரி. கூட்டுக் குடும்பத்தில் யார் கடிதம் போட்டாலும் அனுப்புநர் இடத்தில் பெரியவர் பெயர்தான் இருக்கும். பதில் வந்ததும் அது யாருக்கு உரியது என்று அவர் பிரித்துக் கொடுப்பார். இங்கே லேப்டாப்தான் அந்தப் பெரியவர். மெய்நிகர் கணினிக்கு வீட்டுக்குள் மட்டும் செல்லும் 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும். வெளியே போகும்போது எல்லாமே லேப்டாப்பின் பெயரில் போகும். செல்போனைப் பொறுத்தவரை ஒரே ஒரு கணினிதான். பெரும்பாலும் செல்போன் நிறுவனமும் இதையேதான் செய்கிறது. உலகத்துக்கே பழைய முறையில் சுமார் 430 கோடி ஐபி முகவரிதான். பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது.

எல்லாம் நன்றாகத்தான் போனது, செய்முறைத் தேர்வு நாள் வரை. காலையில் இரண்டு மணி நேரம் லினக்ஸ் கட்டளைகளைப் பழகினான். மதியம் ஆன்லைனில் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். இவன் முறை வந்தபோது குரல் வெட்டி வெட்டிப் போனது. பதில் தெரியும், சொல்லவும் சொன்னான், அங்கே யாருக்கும் கேட்கவில்லை. சிக்னல் கோளாறு என்று நினைத்து மாடிக்கு ஓடினான். சிக்னல் முழுதாக இருந்தது. டேட்டாதான் தீர்ந்திருந்தது.

யார் தின்றது? லேப்டாப்பில் அவன் 'மீட்டர்டு' இணைப்பு என்று ஏற்கெனவே குறித்து வைத்திருந்தான். விண்டோஸ் அடக்கமாகவே இருந்தது. ஆனால் அந்தக் குறிப்பு மெய்நிகர் கணினிக்குள் போகாது. அதன் கண்ணுக்குத் தெரிவது கம்பி வழி வரும் சாதாரண நெட்வொர்க். வெளியே இருப்பது அளந்து ஊற்றும் செல்போன் என்று அதற்கு எப்படித் தெரியும்? காலையில் இவன் கட்டளைகளைப் பழகிக்கொண்டிருந்தபோது, அது பின்னணியில் சத்தமில்லாமல் அப்டேட்களை இறக்கிக்கொண்டிருந்தது. பெரியவர் பெயரைச் சொல்லிக் கடையில் கடன் வாங்கிய பேரன் கதைதான்.

பிறகு அவன் செய்தது மூன்று வேலை. உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பிலும் 'மீட்டர்டு' என்று குறித்தான். தானாக அப்டேட் தேடுவதை நிறுத்தினான். நெட் தேவைப்படாத நேரத்தில் விர்ச்சுவல்பாக்ஸின் நெட்வொர்க் பக்கத்தில் 'கேபிள் கனெக்டட்' என்ற குறியை எடுத்துவிட்டான். இல்லாத கேபிளைப் பிடுங்குவது வேடிக்கைதான், ஆனால் வேலை செய்கிறது! கோப்புகளை லேப்டாப்பில் ஒரே முறை இறக்கி, பகிர்வு ஃபோல்டர் வழியாக உள்ளே கொடுத்தான். இதற்கு டேட்டா செலவே இல்லை.

அப்டேட்டையே விட்டுவிடக் கூடாது நண்பர்களே, பாதுகாப்புக்கு அது வேண்டும். அவன் அதற்கும் நேரம் ஒதுக்கினான். இரவு 11 மணிக்கு அன்றைய டேட்டாவில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பான். இருந்தால் கேபிள் குறியைப் போட்டு, அவனே அப்டேட்டைத் தொடங்குவான். 12 மணிக்கு மிச்சம் எப்படியும் வீணாகப் போகிறதுதானே.

தேர்வில் விட்ட மதிப்பெண் திரும்ப வரவில்லை. அடுத்த தேர்வில் குரல் வெட்டவில்லை.