அறுபத்தைந்து ஆண்டுக் காத்திருப்பு

நம் அன்பிற்குரியோர் மறைந்தால், சென்று நிற்பதற்கு ஓர் அடக்கத்தலமேனும் நமக்கு எஞ்சுகிறது. அந்த ஆறுதலும் மறுக்கப்பட்டோர் உலகில் உண்டு. போலந்து விமானி யானினா லெவாண்டோவ்ஸ்காவின் வரலாற்றைப் படித்த நாள்முதல் இவ்வெண்ணம் நம்மை விட்டு அகலவில்லை.

1908-ஆம் ஆண்டு கார்க்கிவ் நகரில் பிறந்தவர் யானினா. தந்தை யூசெஃப் டோவ்போர் முஷ்னிட்ஸ்கி, போலந்தின் புகழ்மிக்க படைத்தளபதி. மகளோ போஸ்னான் நகரில் இசை பயின்றார். ஆயினும் அவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது ஆகாயமே. விமானக் கழகத்தில் சேர்ந்து, எந்திரமின்றிக் காற்றில் மிதக்கும் கிளைடரையும் பாராசூட்டையும் பழகினார். ஐந்து கிலோமீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து பாராசூட்டில் குதித்த முதல் ஐரோப்பியப் பெண்மணி என்று அவரைப் போற்றுகின்றனர். பின்னர் எந்திர விமானமும் ஓட்டினார்.

போருக்குச் சற்று முன்னரே திருமணம் நடந்தது. 1939 செப்டம்பரில் மேற்கிலிருந்து ஜெர்மானியரும் கிழக்கிலிருந்து சோவியத்துப் படையினரும் போலந்தைப் பங்கிட்டுக்கொண்டனர். சோவியத்துப் படையிடம் சிறைப்பட்ட யானினா, கொசெல்ஸ்க் முகாமில் அடைக்கப்பட்டார். 1940 ஏப்ரலில் கத்தின் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்காட்டில் மாண்ட நாலாயிரத்துக்கும் மேற்பட்ட போலந்துக் கைதிகளுள் பெண் அவர் ஒருவரே. இரண்டே மாதங்களில், ஜூன் திங்களில், அவர் தங்கை அக்னியெஷ்காவை வார்சாவை அடுத்த பால்மிரியில் நாஜிகள் சுட்டுக் கொன்றனர். ஒரு தந்தையின் இரு மகளிர். அவர்களைப் பலி கொண்டவையோ இரு வேறு வல்லரசுகள்!

1943-இல் ஜெர்மானியர் கத்தின் புதைகுழிகளைத் தோண்டி உலகுக்கு அறிவித்தனர். தம் கொடுமையை மறைத்துப் பிறர் கொடுமையைப் பறைசாற்றினர். சோவியத்து அரசோ பழியை ஜெர்மானியர் மீதே சுமத்தி, 1990 வரை உண்மையை மறுத்து நின்றது.

புதைகுழியிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட மண்டையோடுகளுள் யானினாவினுடையதும் ஒன்று. போருக்குப் பின் விரோத்ஸ்வாஃப் நகரில் பேராசிரியர் போலெஸ்வாஃப் போபியெல்ஸ்கி, அரசின் கண்ணில் படாமல் அவற்றைப் பல்லாண்டுகள் காத்து வந்தார். கத்தின் என்ற சொல்லே ஆபத்தாயிருந்த காலம் அது. 2005-இல் ஆய்வாளர்கள் யானினாவை அடையாளங்கண்டனர். அவ்வாண்டு நவம்பரில் லுசோவோ ஊரில், குடும்பக் கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

வானிலிருந்து குதிக்கத் துணிவு வேண்டும், நாம் அறிவோம். பேச இயலாத காலத்தில் உண்மையை எறிந்துவிடாமல் காப்பதற்கும் துணிவு வேண்டும். அந்தத் துணிவுக்கு ஆரவாரம் இல்லை. ஆனால் அதுவே ஒரு மகளைத் தந்தையின் அருகில் கொண்டு சேர்த்தது.