ஓர் இருக்கையும் பல கைகளும்

கிளைடர் என்னும் யந்திரமில்லா விமானம் மலையுச்சியினின்றன்றி எழாது என்று எங்கள் காரைக்காலில் சிலர் என்னோடு வாதிப்பதுண்டு. அரசலாறு கடலோடு கலக்கும் எம்மூரில் மணல்மேடே உயர்ந்த நிலம். அவர்களுக்கு நான் சித்திரை நண்பகலில் வயல்மீது வட்டமிடும் பருந்தைக் காட்டுவேன். வெயிலாற் சூடேறிய நிலத்தினின்று மேலெழும் காற்றே, சிறகசைக்காத அப்பறவையைத் தாங்குகின்றது. கிளைடருக்கும் அதுவே துணை. சமநிலத்தில் நீண்ட வடத்தைச் சுழலும் உருளையிற் சுற்றியிழுத்து அதனை மேலேற்றிவிடலாம்.

ஆயினும், என் மனத்தை மிகக் கவர்ந்தது பறத்தலன்று. அதனைச் செய்த மாணாக்கர் கைகளே. முதல் உலகப்போருக்குப் பின் வெர்சேல்ஸ் உடன்படிக்கை ஜெர்மனியில் யந்திர விமானத் தொழிலை முடக்கியது. அத்தடையே கிளைடருக்கு வழிதிறந்தது. 1920-களின் தொடக்கத்தில் டார்ம்ஸ்டட் நகரத் தொழிற்கலாசாலை மாணாக்கர் ஒரு சங்கம் கூட்டினர். தாமே வரைந்து, தாமே கட்டி, தாமே பறப்பது அதன் நெறி. இன்றும் அச்சங்கம் நடைபெறுகின்றது.

1964-இல் அவர்கள் டி-36 என்னும் ஓரிருக்கைக் கிளைடரைப் பறக்கவிட்டனர். சிறகுகள் முனைக்கு முனை 17.8 மீட்டர். மெல்லிய பால்சா மரத்தின் இருபுறமும் கண்ணாடியிழைத் துணியைப் பிசின் தோய்த்து ஒட்டிச் சிறகின் மேற்போர்வையை அமைத்தனர். அசைவற்ற காற்றில், 1 கிலோமீட்டர் உயரம் இறங்குவதற்குள் அது 40 கிலோமீட்டருக்கு மேற் செல்லும். அதனை வடிவமைத்தோருள் ஒருவரான கெர்ஹார்ட் வைபல் அவ்வாண்டே அதிற் பறந்து ஜெர்மன் தேசியப் போட்டியில் வென்றார். அவரும், தோழர்களான வோல்ஃப் லெம்கே, கிளவுஸ் ஹோலிக்ஹவுஸ் ஆகியோரும் பின்னர் மூன்று வெவ்வேறு தொழிற்சாலைகளிற் புகழ்பெற்ற கிளைடர்களை வடிவமைத்தனர்.

இருக்கையோ ஒன்று, உழைத்த கைகளோ பல. அதில் அமர்பவன் தன் உயிரைத் தோழர் பூசிய பிசினிடம் ஒப்புவிக்கிறான். பிசின் உலருமுன் பொறுமையிழந்த கையையும், அளவைச் சரிபாராத கண்ணையும் காற்று மன்னிப்பதில்லை. தேர்விற் பிழை செய்தால் மதிப்பெண் குறையும். இங்கே நண்பனையே இழக்க நேரும். கல்வி என்பது பிறர் உயிருக்குப் பொறுப்பேற்பதும் ஆம் என்பதை இதனினும் தெளிவாய்க் கற்பிக்கும் பாடத்தை யான் அறியேன்.

காரைக்காலைச் சார்ந்த திருவேட்டக்குடியில் இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. கடற்காற்றும் வெயிலும் எமக்குக் குறைவில்லை. குறைவது கூடிச்செய்யும் பழக்கமே. சகோதர மாணாக்கரே, முதலில் மூங்கிலும் காகிதமும் கொண்டு முழநீளச் சிறகொன்று செய்வோம். அதில் எவரும் ஏறப்போவதில்லை. எனினும், ஏறுபவன் நம் நண்பன் என்றெண்ணியே ஒட்டுவோம்.