வவுச்சர் இல்லாத செலவு!

அவனியாபுரத்தில் குடியிருக்கிறேன் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். ‘ஜல்லிக்கட்டு பார்க்க இடம் கிடைக்குமா?’, ‘ஏர்போர்ட் பக்கம்தானே?’ மூன்றாவது கேள்வியை வாயால் கேட்க மாட்டார்கள். வெள்ளக்கல் பக்கமிருந்து காற்று வீசும்போது கர்ச்சீப்பை எடுப்பார்கள். மதுரைக் குப்பை வந்து சேர்ந்த இடமல்லவா அது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனன் அந்தக் கர்ச்சீப்புக்குள் இருந்தபடியே பேசினான்.

“மச்சான், ஈரக்குப்பை காத்துப் புகாம மக்குனா மீத்தேன் வருமாம். அதே மீத்தேனை ராம்நாடு பக்கம் பூமிக்குள்ள இருந்து எடுத்து கரண்ட் தயாரிக்கிறாய்ங்க. பொட்டுப் புகை கிடையாது!”

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே காஸ் சிலிண்டரில் வருவது. அதுவும் மீத்தேன் இல்லையாம், புரொப்பேனும் பியூட்டேனுமாம். போகட்டும். புகையே இல்லாமல் மின்சாரம் என்றதும் எனக்குள் இருந்த கணக்குப்பிள்ளை விழித்துக்கொண்டான். செலவே இல்லாத வரவா? எங்கேயோ ஒரு என்ட்ரி விட்டுப்போயிருக்க வேண்டுமே!

அடுத்த வாரமே ராமநாதபுரத்தில் ஒரு காதுகுத்து வந்தது. விரகனூர் ரிங் ரோட்டில் பஸ் பிடித்து, மானாமதுரை, பரமக்குடி தாண்டிப் போய், பந்தியில் ஒரு கை பார்த்துவிட்டு, மைத்துனனையும் இழுத்துக்கொண்டு வழுதூர் போனேன். மின்வாரியம் கட்டிய காஸ் மின் நிலையம் அங்கேதான் இருக்கிறது. 2003-ல் 95 மெகாவாட். பிறகு இன்னொரு யூனிட் சேர்ந்து மொத்தம் 187.2 மெகாவாட்.

கரி மலை இல்லை. சாம்பல் குளம் இல்லை. வானத்தில் ஒரு கறுப்புக் கோடுகூட இல்லை. மைத்துனன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

உள்ளே போக அனுமதி வேண்டும். டீக்கடைக்கு வேண்டாம். ஷிப்ட் முடிந்து டீ குடிக்க வந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“அவனியாபுரமா? அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம், சார்” என்றார். “வெளிக்காத்தை இழுத்து, பத்து மடங்குக்கு மேல அமுக்கி, அதுல காஸைக் கலந்து எரிப்போம். ஆயிரம் டிகிரிக்கு மேல சூடு. அந்தச் சூட்டுக் காத்து வாடிவாசல்ல காளை பாயிற மாதிரி பாஞ்சு டர்பைனைச் சுத்தும். முதல் யூனிட்ல இதுலயே 60 மெகாவாட்.”

“அப்புறம்?”

“வெளியே வர்ற காத்துல இன்னும் 500 டிகிரி சூடு இருக்குமே, அதை விடுவோமா? அதை வெச்சுத் தண்ணியைக் கொதிக்க வெச்சு, நீராவியில இன்னொரு டர்பைன். அதுல 35 மெகாவாட். இதுக்குன்னு தனியா காஸ் கிடையாது, சார்.”

சோறு வடித்த கஞ்சியில் அப்பா சட்டைக்குக் கஞ்சி போட்ட அம்மாவின் நிர்வாகம்தான்! முதல் டர்பைன் மட்டும் ஓடினால் எரிபொருளின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மின்சாரமாகும். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய பாதி.

“புகையே இல்லையே, சார்?” என்றேன், விட்ட என்ட்ரியைத் தேடி.

அவர் சிரித்தார். “கண்ணுக்குத் தெரியலைன்னு சொல்லுங்க.”

சாம்பல் கிடையாது, கந்தகம் அநேகமாகக் கிடையாது, உண்மைதான். ஆனால் மீத்தேன் எரிந்தால் நீராவியும் கார்பன் டை ஆக்ஸைடும் வந்தே தீரும். இரண்டு டர்பைனும் ஓடும் நிலையத்தில் யூனிட்டுக்குச் சுமார் 400 கிராம். நிலக்கரி என்றால் 900 கிராம் முதல் ஒரு கிலோ வரை. போதாததற்கு அந்தச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் எரிந்து நைட்ரஜன் ஆக்ஸைடாகும். கிணற்றிலோ குழாயிலோ காஸ் எரியாமல் கசிந்தால் அது இன்னும் மோசம். மீத்தேன் இருபது வருஷக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்ஸைடைவிட 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். கசிவு அதிகமானால், நிலக்கரியைவிட நல்லபிள்ளை என்ற பெயர் காலி!

திரும்பி வரும்போது மைத்துனன் தூங்கிவிட்டான். நான் மனக்கணக்குப் போட்டேன். என் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 400 யூனிட். அத்தனையும் காஸ் மின்சாரம் என்றே வைத்துக்கொண்டாலும் 160 கிலோ. நான் 70 கிலோ. அதாவது, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்னைப் போல் இரண்டு பேருக்கு மேல் ஆகாயத்துக்கு அனுப்புகிறேன்! கரி மின்சாரம் என்றால் ஐந்து பேர்.

வெள்ளக்கல் குப்பையாவது நாற்றமடித்துத் தன் கணக்கைச் சொல்லிவிடுகிறது. இதற்கு நாற்றமில்லை, நிறமில்லை, பில்லும் இல்லை. வவுச்சரே வராத செலவை எந்த ஆடிட்டர் கண்டுபிடிப்பார்?

வீட்டுக்குள் நுழைந்தேன். ஆளில்லாத ரூமில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஆஃப் செய்தேன்.

“என்னங்க திடீர்னு? முதல் நூறு யூனிட் இலவசம்தானே!” என்றாள் மனைவி.

“மீட்டருக்குத்தான்மா இலவசம்” என்றேன். “மேலே ஒருத்தர் கணக்கு எழுதிக்கிட்டே இருக்கார்.”

நான் சாமியைச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் திருத்தவில்லை. மற்ற ரூம் ஃபேனையும் அவளே போய் நிறுத்திவிட்டாளே!