சுண்டுவிரல் மரத்துப்போகும்போது

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் தொடை கடுப்பதைப் பற்றிப் பேசுவார்கள், மூச்சு வாங்கியதைப் பற்றிப் பேசுவார்கள். கை வலியை மட்டும் தாங்கிக்கொள்ள வேண்டியதாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் கல் பாதைகளில் என்னோடு வரும் இளைஞர்களிடம் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இறக்கம் முடிந்ததும் ஆளாளுக்குக் கையை உதறுவார்கள். “சுண்டுவிரல் மரத்துப்போச்சுண்ணா, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்” என்பார்கள். சரியாகியும் விடும். அடுத்த முறை மறுபடி மரக்கும்.

சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரத்தால் அது அல்நார் நரம்பின் முறையீடு. முழங்கை இடித்துக்கொண்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறதே, அதே நரம்புதான். உள்ளங்கைக்குள் நுழையும் இடத்தில், சுண்டுவிரல் பக்கத்து மேட்டுக்கு அடியில், கியோன் கால்வாய் என்ற குறுகலான வழியே அது போகிறது. அந்த இடத்தில் உடம்பின் பாரத்தை ஊன்றிக்கொண்டு கல்லிலும் வேரிலும் இறங்கினால் நரம்பு நசுங்காமல் என்ன செய்யும்? கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்தால் அது மீடியன் என்ற வேறு நரம்பு; மணிக்கட்டு பின்னால் மடங்கியபடியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அல்நார் நரம்பின் ஆழமான கிளை மட்டும் நசுங்கினால் மரப்பே தெரியாது, பலம் மட்டும் குறையும். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினாலோ, விரல்களை விரிக்க முடியாமல் போனாலோ, சைக்கிளை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரிடம் போவதுதான் சரி.

கடையில் கை வலி என்றால் ஜெல் வைத்த தடித்த கிரிப்பைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறார்கள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மெத்தென்ற பொருள் பாரத்தில் அமுங்கிப்போகிறது; அழுத்தம் அதே மேட்டில்தான் விழுகிறது. பருமன் கூடிவிட்டால் விரல்கள் முழுதாக வளையாமல் முன்னங்கை இறுகிக் களைக்கும். மிக மெல்லியதாக இருந்தாலும் இறுக்கித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். சாதாரணமாகக் கிடைக்கும் கிரிப்புகள் 30 மி.மீ. முதல் 34 மி.மீ. வரை விட்டம் உள்ளவை. பிடித்துப் பார்க்கும்போது நடுவிரல் நுனி உள்ளங்கையை லேசாகத் தொட்டால் அந்த அளவு உங்களுக்கு ஏற்றது. ஜெர்மனியின் எர்கான் நிறுவனம் செய்வது போன்ற இறக்கை வடிவக் கிரிப் பாரத்தை உள்ளங்கை முழுவதும் பரப்பித் தருகிறது. நெடுந்தூரம் உட்கார்ந்து மிதிப்பவர்களுக்கு அதைத் தயங்காமல் சொல்வேன். அதை ஆலன் கீயால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பொறுமையாகப் பொருத்த வேண்டும், கோணம் தவறினால் மணிக்கட்டை அதுவே மடக்கிவிடும். செங்குத்தான இறக்கங்களில் கை நிமிடத்துக்கு நிமிடம் இடம் மாறுவதால் அங்கே உருண்டைக் கிரிப்தான் வசதி.

ஆனால் கிரிப்பைவிட அதிகமாகக் கையின் நிலையைத் தீர்மானிப்பது ஹேண்டில்பார். ஒவ்வொரு கையிலும் ஒரு பேனாவைப் பிடித்து, தோளைத் தளர்த்தி முன்னால் நீட்டிப் பாருங்கள். பேனாக்கள் ஒரே நேர்கோட்டில் நிற்காது. வெளிமுனைகள் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கும். கை கேட்பது அந்தச் சாய்வைத்தான். அம்பத்தூரில் செய்து வந்த பழைய ஹெர்குலிஸ் சைக்கிளில் கைப்பிடிகள் ஓட்டுபவரை நோக்கி வளைந்து வந்திருந்தன. 1970-களில் கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலையில் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் இறங்கி இந்த விளையாட்டைத் தொடங்கியவர்களும் அகலமான, பின்வளைந்த பார்களைத்தான் வைத்திருந்தார்கள். பிறகு பந்தயத்துக்காகப் பார் குறுகி, கிட்டத்தட்ட நேர்க்கம்பியாகிவிட்டது. இன்று அகலம் 760 முதல் 800 மி.மீ. வரை வந்துவிட்டது, பின்வளைவு பெரும்பாலும் 7 முதல் 9 பாகை. 12, 16 பாகை வளைந்தவையும் கிடைக்கின்றன. ஜெஃப் ஜோன்ஸ் வடிவமைத்த பாரில் அது 45 பாகை. உட்கார்ந்து ஏறும்போது முழங்கை உள்ளே ஒடுங்கியிருக்கும், அப்போது கூடுதல் வளைவு கைக்கு இதமாக இருக்கும். முழங்கையை விரித்து நின்றபடி இறங்கும்போது குறைந்த வளைவே போதும். உங்கள் பாதையில் எது அதிகம் என்பதைப் பொறுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாருக்கு வெளியேயும் காரணங்கள் உண்டு. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு வழுக்கி முன்னால் வந்து கையில் ஊன்றும். எந்தக் கிரிப்பும் இதற்குப் பரிகாரம் ஆகாது. டயரில் காற்று கூடுதலாக இருந்தால் ஒவ்வொரு கல்லும் கைக்கு வரும். பிரேக் லீவரை முன்னங்கைக்கு நேர்கோட்டில், ஒரு விரலால் எட்டும் தூரத்தில் வைத்தால் மற்ற விரல்கள் பிடிக்க மட்டும் இருக்கும். இவை காசு செலவில்லாத வேலைகள், முதலில் இவற்றைச் செய்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும் என்பேன்.

எங்களோடு வரும் ஒரு பெண் உயரம் குறைந்தவர், தோளும் ஒடுக்கம். வாங்கிய சைக்கிளோடு வந்த 800 மி.மீ. பாரைப் பிடித்து, மார்பு கீழே இழுபட்டு, பாரமெல்லாம் உள்ளங்கையின் வெளியோரத்தில் விழுந்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் விலை உயர்ந்த கையுறைகள் இருந்தன. பாரை உடனே அறுத்துக் குறைக்க வேண்டாம் என்றேன். நுனி திறந்த கிரிப்பைப் போட்டு, கிரிப்பையும் லீவரையும் இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். மிஞ்சி நிற்கும் நுனி மரத்திலோ பாறையிலோ மாட்டிவிடும் என்பதால் அகலமான தோட்டச் சாலையில் மட்டும்தான் சோதனை. கை தளர்ந்து உட்கார்ந்த இடம் 740 மி.மீ. அதற்குப் பிறகுதான் மெக்கானிக் ரம்பத்தை எடுத்தார், இரு முனைகளையும் அரத்தால் வழித்து, அடைப்பான்களைப் போட்டுக் கொடுத்தார். சோதனைக்குப் போட்ட அந்தக் கிரிப்பே இன்னமும் அவர் சைக்கிளில் இருக்கிறது.