மேடையில் மறந்த ஆண்டு

காப்பார் வட்டாரத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். பாடங்கள் பெரும்பாலும் மலாய் மொழியிலேயே நடந்தன. தமிழில் மேடையேற வாய்த்தது ஆண்டுக்கொரு பேச்சுப் போட்டி. "தமிழர் திருநாளும் கோ. சாரங்கபாணியும்" என்பது தலைப்பு.

விடுமுறை நாள் வைகறையில் அன்னையார் பால்மரம் சீவ, நான் அம்மரங்களையே அவையோராக எண்ணிப் பேசிப் பழகினேன். மரங்கள் குறுக்கிடவில்லை, கொசுக்கள்தாம் குறுக்கிட்டன!

போட்டியன்று, "நீதி வழுவா நடுவர் அவர்களே" என முழங்கியவன், சிங்கையில் அத்திருநாள் தொடங்கிய ஆண்டை மறந்து விழித்தேன். அரைநாள் கூலியை இழந்து வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அன்னையார் ஐந்து விரல்களைக் காட்டினார்; பிறகு இரண்டு. "1952" என்றேன்.

பரிசு வேறொரு மாணவிக்குக் கிட்டியது. எழுத்தறியாத அன்னையாருக்கு என் உரை முழுவதும் மனப்பாடம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.