தாழிட்ட கதவும் ஒரு பிடி உப்பும்

ஏப்ரல் மாதக் கடைசியில் வேதாரண்யத்து வெயில் இரக்கம் அறியாதது. மேலே சூரியன், கீழே உப்புப் பாத்திகளின் வெண்மை. இரண்டுக்கும் நடுவே நிற்பவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் எதையும் பார்க்க வேண்டும். அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாக்கிரக நினைவுத் தூணுக்கு அருகே, மோர்ப் பானையும் தம்ளர்களுமாக அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். திருச்சிராப்பள்ளியிலிருந்து பழைய பாதையில் பயணம் வந்த தொண்டர்கள் கதராடையும் தொப்பியுமாகக் கொடியேந்தி வந்தார்கள். தேசபக்திப் பாடல்கள் ஒலித்தன. முதியவர் ஒருவர் முதலில் குனிந்து ஒரு பிடி உப்பை அள்ளினார். மற்றவர்களும் அள்ளினார்கள். காவலர்கள் இருவர் நிழலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். கூட்டம் சாலையை மறிக்காமல் பார்த்துக்கொள்வதே அவர்களுடைய வேலை.

மோர் குடித்து முடித்த நண்பர் ஒருவர், “உங்கள் தாத்தா 1930-இல் தொண்டர்களுக்குச் சோறு போட்டவர் என்று சொல்வீர்களே. மேடையில் வந்து இரண்டு வார்த்தை சொல்லுங்கள், ஐயா” என்றார். தொண்டை சரியில்லை என்று சொல்லி நழுவிவிட்டேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை. அன்று மேடையில் சொல்லத் தவறியதை இந்தப் பக்கங்களில் சொல்லிவிட வேண்டும் என்றே எழுதுகிறேன்.

நடந்த வரலாற்றை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். காந்தியடிகள் 1930 மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து புறப்பட்டு, ஏப்ரல் 6 அன்று தண்டியில் உப்பெடுத்தார். தமிழ்நாட்டில் அந்தப் போரை நடத்தும் பொறுப்பு இராஜாஜிக்கு வாய்த்தது. வேதாரண்யம் சர்தார் வேதரத்தினம் பிள்ளையின் ஊக்கத்தால் இக்கடற்கரை தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியில் டாக்டர் தி. சே. சௌ. ராஜனின் இல்லத்திலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்கள் புறப்பட்டனர். நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை அவர்களுக்கென்றே ஒரு பாடல் இயற்றித் தந்திருந்தார். தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று ஏறத்தாழ 150 மைல் தூரம் நடந்து, ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தனர். 30-ஆம் நாள் இராஜாஜி உப்பெடுத்துக் கைதானார்.

அப்போது தஞ்சை மாவட்ட ஆட்சியராக இருந்தவர் தார்ன் என்ற ஆங்கிலேயர். தொண்டர்களை வழியிலேயே அடித்து விரட்டினால் மக்களின் அனுதாபம் அவர்கள் பக்கம் திரும்பும் என்பதை அறிந்த மனிதர் அவர். ஆகவே நடந்தவர்களை விட்டுவிட்டு, அவர்களுக்குச் சோறிடுபவர்களைக் குறிவைத்தார். தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ தருபவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்ற அறிவிப்பு ஊர்தோறும் பரவியது. கும்பகோணத்தில் விருந்தளித்த பந்துலு ஐயர் கைது செய்யப்பட்டார். ஆயினும் சோழநாடு பசித்தவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கட்டியது என்று மரம் சொல்லாது அல்லவா? வேதாரண்யத்தில் நாவிதர் வைரப்பன், பாதி மழித்த நிலையில் தம் முன் அமர்ந்திருப்பவர் காவலர் என்று அறிந்து, கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அதற்காகச் சிறை சென்றார். அவருக்கு இவ்வூரில் ஒரு நினைவுத் தூண் இருக்கிறது.

என் தாத்தாவும் அப்படி மரத்தில் சோற்றுப் பொட்டலம் கட்டியவர் என்றுதான் இளமை முதல் சொல்லி வந்தேன். பள்ளியில் சொன்னேன், திருமண வீடுகளில் சொன்னேன். ஒரு முறை, நற்கருணைக்கும் பகிர்வுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அன்பியக் கூட்டத்தில் பேசியபோதும் அதையே சான்றாகக் காட்டினேன். அது பொய் என்று எனக்கு முதலில் தெரியாது. தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை என்பதுதான் என் குற்றம்.

உண்மையை என் தந்தை தம் கடைசி நோயின்போது சொன்னார். 1930-இல் அவருக்கு வயது எட்டு. எங்கள் குடும்பம் அப்போது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் இருந்தது. அரசு மானியத்தில் நடந்த ஒரு சிறு பள்ளியில் தாத்தா ஆசிரியர். ஒரு நாள் உச்சி வேளையில் இரண்டு இளைஞர்கள் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவனுடைய கால் கொப்புளித்து உடைந்திருந்தது. ‘தண்ணீர்’ என்று கேட்டார்கள். தாத்தா எழுந்தார், வீட்டுக்குள் வந்தார், கதவைச் சாத்தித் தாழிட்டார். கதவுக்குப் பின்னால் அசையாமல் நின்றார். என் தந்தை சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து நடந்தார்களாம். அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. “அப்பா கோழை இல்லடா. ஆறு பிள்ளைகள். வேலை போனால் என்ன செய்வார்?” என்று சொல்லிவிட்டு, என் தந்தை நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

நடந்ததை மீண்டும் நடத்திக் காட்டும் ஆசை மனிதனுக்கு எங்கும் உண்டு. 2005-ஆம் ஆண்டு, எழுபத்தைந்து ஆண்டு நிறைவின்போது, சபர்மதியிலிருந்து தண்டி வரை மீண்டும் நடந்தார்கள். பழைய போர் விமானங்களைச் செப்பனிட்டு, அன்றைய சீருடை அணிந்து, அன்றைய பறப்பை மீண்டும் பறந்து காட்டுபவர்கள் மேலை நாடுகளில் இருக்கிறார்கள். நம் நாட்டிலும் 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்குப் படைவீரர்களைக் கொண்டு சென்ற டக்கோட்டா விமானங்களின் நினைவாக, அவ்வகை விமானம் ஒன்று புதுப்பிக்கப்பட்டு, ‘பரசுராமா’ என்ற பெயருடன் 2018-இல் நம் விமானப்படையில் சேர்க்கப்பட்டது.

இத்தகைய நினைவுப் பறப்பு ஒன்றைப் பற்றிப் படித்தது என் மனத்தை விட்டு அகலவில்லை. 1943 மே 16-ஆம் நாள் இரவு, பிரித்தானிய விமானப்படையின் 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் ஜெர்மனியின் அணைகளை உடைக்கச் சென்றன. சென்ற 133 வீரர்களில் 53 பேர் மாண்டனர். எழுபது ஆண்டுகள் கழித்து, 2013-இல், அவ்வீரர்கள் பயிற்சி பெற்ற இங்கிலாந்தின் டெர்வென்ட் நீர்த்தேக்கத்தின் மீது ஒரு பழைய லங்காஸ்டர் தாழப் பறந்தது. கரையில் கூடியிருந்த மக்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மாண்ட இளைஞர்களை அப்படி நினைவுகூர்வதில் தவறில்லை. ஆனால் அந்த இரவில் அணை உடைந்து பெருகிய வெள்ளத்தில் ஏறத்தாழ 1,300 பேர் இறந்தார்கள். அவர்களுள் பலர் ஜெர்மானியர்கூட அல்லர். வேறு நாடுகளிலிருந்து கட்டாய வேலைக்குப் பிடித்து வரப்பட்டு முகாமில் அடைபட்டிருந்தவர்கள். மோனே அணைக்குக் கீழே ‘விண்ணக வாயில்’ என்று பொருள்படும் பெயருடைய பழைய மடத்துக் கோயில் ஒன்று இருந்தது. வெள்ளம் அதை அடித்துச் சென்றது. அங்கிருந்த குருவும் மாண்டார். வானத்தில் பறந்ததை மீண்டும் நடத்திக் காட்டலாம். கீழே மூழ்கியதை யார் நடத்திக் காட்டுவார்?

எல்லா மறு நடிப்புகளிலும் இந்தக் குறை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் திரும்ப நடிப்பது வீரர்களின் பங்கை. அகஸ்தியம்பள்ளிக்கு வரும் அனைவரும் இராஜாஜியின் தொண்டர்களாகவே வருகிறார்கள். தார்னின் அறிவிப்பைக் கேட்டு நடுங்கியவனாக ஒருவரும் வருவதில்லை. அச்சம் இல்லாத இடத்தில் மோர் கொடுப்பது எளிது. நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

நம் பாஸ்கு நாடகம் இந்த வகையில் நேர்மையானது. தவக்காலத்தில் ஊர் ஊராக நடக்கும் பாஸ்குவில் இயேசுவாக நடிக்க ஒருவர் வேண்டும். மறுதலிக்கும் பேதுருவாக நடிக்கவும் ஒருவர் வேண்டும். கைகழுவும் பிலாத்து இல்லாமல், காட்டிக்கொடுக்கும் யூதாசு இல்லாமல் நாடகம் நடக்காது. பாடுகளின் வரலாறு கோயிலில் வாசிக்கப்படும்போது, ‘சிலுவையில் அறையும்’ என்று கத்தும் கூட்டத்தின் பங்கு மக்களாகிய நமக்கே தரப்படுகிறது. ஆண்டுதோறும் அதைச் சொல்லும்போது நா கூசுகிறது; கூச வேண்டும் என்பதற்காகவே திருச்சபை அதை நம் வாயில் வைத்திருக்கிறது. தம் நினைவாகச் செய்யும்படி இயேசு கட்டளையிட்டதும், தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில்தானே! அந்தப் பந்தியில் அமர்ந்திருந்தவர்கள் அன்று இரவே ஓடிப்போனார்கள். நற்கருணையின் நினைவு, ஓடிப்போனவர்களையும் உள்ளடக்கிய நினைவு.

1930-ஆம் ஆண்டின் நாட்காட்டியை ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். அந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 20. அப்படியானால் தொண்டர்கள் திருச்சியிலிருந்து புறப்பட்ட ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு! குருத்தோலை ஏந்திய மக்கள் ஒரு புறம், மூவண்ணக் கொடி ஏந்தியவர்கள் மறுபுறம். புனித வெள்ளியும் உயிர்ப்பு ஞாயிறும் அவர்கள் வழிநடையிலேயே கழிந்தன. அவர்கள் வேதாரண்யம் சேர்வதற்கு முந்தைய நாளான ஏப்ரல் 27, உயிர்ப்பு ஞாயிற்றை அடுத்த ஞாயிறு. அன்றும் இன்றும் அந்த ஞாயிற்றுக்கு உரிய நற்செய்தி ஒன்றுதான்: யோவான் 20-ஆம் அதிகாரம். சீடர்கள் அஞ்சிக் கதவுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். பூட்டிய கதவைத் தாண்டி ஆண்டவர் நடுவில் வந்து நிற்கிறார்.

ஞாயிறு திருப்பலியை என் தாத்தா தவறவிட்டதில்லை என்பார்கள். அப்படியானால் தொண்டர்களுக்குக் கதவைத் தாழிட்ட அதே நாட்களில் அவர் அந்தப் பூசையில் முழந்தாளிட்டிருப்பார். இலத்தீன் அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் அந்த ஞாயிற்றின் நற்செய்தி எது என்பது ஆசிரியரான அவருக்குத் தெரிந்திருக்கும். அதைக் கேட்டு என்ன நினைத்திருப்பார்? நான் அறிந்த தாத்தா, திண்ணையில் எப்போதும் ஒரு மண்பானையில் தண்ணீர் வைத்திருந்தவர். வெளியூர் செல்லும்போது அதை நிரப்பச் சொல்லிவிட்டுத்தான் செல்வார். வீட்டுக் கதவைப் பகலில் ஒருபோதும் சாத்தவிடமாட்டார். அது அவருடைய பழக்கம் என்று மட்டுமே சிறுவனாகிய நான் எண்ணியிருந்தேன். அது அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட தவம் என்று இப்போது நினைக்கிறேன். நாற்பது ஆண்டுகள் அவர் ஒரு நாளின் உச்சி வேளையைத் தினமும் திருத்தி நடித்திருக்கிறார். பார்க்க ஒரு கூட்டமும் இல்லாமல்.

மரத்தில் சோறு கட்டிய தாத்தாவைவிட இந்தத் தாத்தா எனக்கு நெருக்கமானவராக இருக்கிறார். அவரை நான் மறைத்தது அவருடைய மானத்தைக் காக்க அன்று. என் பெருமையைக் காக்கவே.

அன்று அகஸ்தியம்பள்ளியில் கூட்டம் கலைந்த பிறகு, உப்பளத்து வரப்பில் ஒரு மூதாட்டி நின்றுகொண்டிருந்தார். உப்பு வாருபவர். காலில் வெடிப்பு, கண்ணில் ஓயாத நீர். மோரை நீட்டினேன். வாங்கிக் குடித்துவிட்டு, “அவங்க ஒரு பிடி அள்ளிட்டுப் போயிடுவாங்க தம்பி. மிச்சத்த நாங்கதான வாரணும்” என்றார். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆண்டுதோறும் இங்கே வருகிறேன். இந்தப் பாத்திகளில் வேலை செய்பவர்களுக்கு மழைக்காலத்தில் அடுப்பு எப்படி எரிகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த உப்பளங்களைச் சேறாக்கிச் சென்றபோதும் நிவாரணத்துக்குப் பணம் கொடுத்தேனே தவிர, ஒருவர் பெயரையும் கேட்டறிந்ததில்லை. அன்றும் என் கதவு உட்புறமாகத் தாழிட்டே இருந்திருக்கிறது.

சோதோமைத் திரும்பிப் பார்த்த லோத்தின் மனைவி உப்புத் தூணானாள் என்று தொடக்கநூல் சொல்கிறது. தம் சீடர்களை உலகுக்கு உப்பு என்று அழைத்தார் ஆண்டவர். பின்னால் திரும்பிப் பார்ப்பது நம்மைத் தூணாகவும் ஆக்கலாம். சோற்றில் கரையும் உப்பாகவும் ஆக்கலாம். எது என்பது, பார்த்த பிறகு நாம் எந்தப் பக்கம் நடக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

வருகிற ஏப்ரலில் மேடைக்கு அழைத்தால் போவேன். தாழ்ப்பாள் போட்ட தாத்தாவைப் பற்றிச் சொல்வேன். அதற்கு முன் அந்த மூதாட்டியின் வீட்டைத் தேடிப் போக வேண்டும். பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன்.